தேனை வைத்து ஒரு தேர்வு: பெயர் மறைத்துச் சுவைத்தல் என்றால் என்ன?

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. குமரி மாவட்டத்து அருமனைக்குப் பக்கத்தில் நண்பன் வீட்டு முன்வாசலில் நட்சத்திர விளக்கை இன்னும் கழற்றவில்லை. கட்டன் சாயாவும் ஏத்தங்காய் வற்றலுமாக உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ தேனுக்கு வந்தது. மார்த்தாண்டம் பக்கம் நாலு பேர் கூடினால் தேன் பேச்சு வருவது புதிதில்லை.

"ரப்பர் தேனா? நமக்கு வேண்டாம்டே. ரப்பர் பால் வாடை அடிக்கும். தேன்னா மலைத்தேன்தான்" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியரான அண்ணாச்சி. ரப்பர் தோட்டத்தில் வைத்த பெட்டிகளில் கிடைக்கும் தேனைத்தான் எங்கள் பக்கம் ரப்பர் தேன் என்போம். முப்பது வருடமாகத் தேன்பெட்டி வைத்திருக்கும் மாமா ஒன்றும் பேசாமல் சிரித்தார். கப்பலில் சமையல்காரராக இருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பன்தான் அந்தச் சொல்லை எடுத்தான். "ஒயினுக்கு பிளைண்ட் டேஸ்டிங் என்று ஒன்று வைப்பார்கள். அதே மாதிரி தேனுக்கு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்."

உடனே ஆளாளுக்கு ஒரு விளக்கம் வந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு குடிப்பதுதானே என்றார் ஒருவர். பெரிய நிபுணர்களெல்லாம் அதில் மாட்டிக்கொண்டார்களாம், எல்லாம் ஏமாற்று என்றார் இன்னொருவர். எது அசல், எது கலப்படம் என்று அதில் தெரிந்துவிடும் என்றார் மூன்றாமவர். மூன்றும் பரவலாகச் சொல்லப்படுபவை, மூன்றும் தவறு. அடுத்த வாரமே ஒரு மாலையை ஒதுக்கி நாங்கள் அதைச் செய்து பார்த்தோம். அதற்காகப் படித்ததையும் அன்று கண்டதையும் சேர்த்து, இந்த விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குப் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

கண்ணைக் கட்டுவது இல்லை

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். தாளில் மாணவர் பெயர் இருக்காது. பதிவெண்ணையும் மறைத்திருப்பார்கள். திருத்தும் ஆசிரியர் கண்ணைத் திறந்துகொண்டுதான் படிக்கிறார். ஒரே ஒரு செய்தி மட்டும் அவருக்குத் தெரியாது: இது யாருடைய தாள். தெரிந்த பையன், நல்ல பள்ளிக்கூடம், போன தடவை முதல் மதிப்பெண் வாங்கியவன் என்ற நினைப்பெல்லாம் மதிப்பெண்ணுக்குள் புகுந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆசிரியர் நேர்மையற்றவர் என்று யாரும் அதற்கு அர்த்தம் சொல்வதில்லை. நேர்மையான ஆளுக்கும் அந்த நினைப்பு தன்னை அறியாமல் வரும் என்பதால்தான் மறைக்கிறார்கள்.

பெயர் மறைத்துச் சுவைத்தலும் இதே வேலைதான். பண்டம் எது, யார் செய்தது, என்ன விலை, எந்த ஊர் என்ற செய்திகளை மறைத்துவிட்டு, நாக்குக்கும் மூக்குக்கும் எட்டுவதை மட்டும் வைத்து மதிப்பிடுவது. இனி இந்தக் கட்டுரையில் மறைத்துச் சுவைத்தல் என்றால் இதையே சொல்கிறேன்.

இதில் பேர்போன கதை 1976-இல் நடந்தது. அந்த வருடம் மே 24 அன்று, பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னியா ஒயின்களையும் பெயர் மறைத்து நடுவர்கள் முன்னால் வைத்தார். மதிப்பெண் கணக்கில் சேர்ந்த ஒன்பது நடுவர்களும் பிரான்ஸில் ஒயின் துறையில் ஊறியவர்கள். அந்தக் காலத்தில் கலிபோர்னியா ஒயினை பிரான்ஸில் யாரும் பெரிதாக மதித்ததில்லை. வெள்ளை ஒயின், சிவப்பு ஒயின் இரண்டு பிரிவிலுமே கலிபோர்னியாவே முதலிடம் வந்தது. இந்தக் கதையைச் சொல்லி "பார்த்தாயா, நிபுணர்கள் எல்லாம் போலி" என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பெயர் தெரியாத நல்ல ஒயினை நல்லது என்று கண்டுபிடித்ததும் அந்த நடுவர்களின் நாக்குதானே. பெயர் தெரிந்திருந்தால் அந்த நாக்குக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது.

நாக்கு கொஞ்சம், மூக்கு மிச்சம்

எதை மறைக்கிறோம் என்று சொல்லியாயிற்று. மறைத்த பிறகு மிச்சம் இருக்கும் சுவை என்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

ஒரு சின்னச் சோதனையை இப்போதே செய்யலாம். மூக்கை விரலால் நன்றாகப் பொத்திக்கொண்டு ஒரு சொட்டுத் தேனை நாக்கில் வையுங்கள். இனிப்பு தெரியும். லேசான புளிப்பு தெரிந்தாலும் தெரியலாம். வேறு ஒன்றும் இருக்காது, சர்க்கரைப் பாகு மாதிரி இருக்கும். அப்படியே மூக்கை விட்டுவிடுங்கள். ஒரு நொடியில் பூவாசம், மர வாசம் என்று என்னென்னவோ வந்து சேரும். நாங்கள் ஆறு பேரும் இதைத்தான் முதலில் செய்தோம். மூக்கை விட்ட நொடியில் ஆறு பேருடைய முகமும் மாறியதைப் பார்த்தேன்.

காரணம் இதுதான். நாக்கில் உள்ள சுவை மொட்டுகள் அறிவது சில அடிப்படைச் சுவைகளை மட்டுமே: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி. உமாமி என்பது தக்காளி, காளான், கருவாடு போன்றவற்றில் வரும் அந்தச் சாறு ருசி. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா இதைத் தனிச் சுவையாகப் பிரித்துச் சொன்னார். நம்முடைய அறுசுவைக் கணக்கில் உள்ள கார்ப்பும் துவர்ப்பும் வேறு வழியாக வருபவை. மிளகாயின் காரம் சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளில் பிறக்கிறது. நெல்லிக்காயின் துவர்ப்பில் வாய் வறண்டு இழுத்துப்பிடிக்கும் தொடு உணர்வுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொன்று: நாக்கின் நுனியில் இனிப்பு, பின்பக்கம் கசப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் பார்த்த படம் சரியில்லை. 1901-இல் வந்த ஒரு ஜெர்மானிய ஆய்வைப் பிற்காலத்தில் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவிய படம் அது. சுவை மொட்டு இருக்கும் எல்லா இடமும் எல்லாச் சுவையையும் அறியும்.

மற்றதெல்லாம் மூக்கின் வேலை. மூக்குக்கு இரண்டு வாசல் உண்டு. ஒன்று முன்வாசல், பூவை முகர்வது அந்த வழி. இன்னொன்று கொல்லைப்புற வாசல். வாயில் உள்ள பண்டத்தின் வாசம் தொண்டையின் பின்பக்கமாக ஏறி மூக்கின் மேற்பகுதிக்குப் போகிறது. இதைப் பின்வழி மணம் என்று சொல்லலாம். நாம் வாயில் உணர்வதாக நினைக்கும் ருசியில் பெரும்பகுதி இந்த வழியில் வருவதுதான். மூக்கின் மேல்பகுதியில் மணத்தை வாங்கிக்கொள்ளும் உணர்விகள் மனிதர்களுக்குச் சுமார் 400 வகை. அவற்றுக்கான மரபணுக்களை 1991-இல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சளி பிடித்தால் மீன்குழம்பு சப்பென்று இருப்பது ஏன் என்பதும் இதனால் விளங்கும். அப்போது நாக்கு நன்றாகத்தான் இருக்கும், கொல்லைப்புற வாசல்தான் அடைத்திருக்கும்.

தேனுக்கு இது ரொம்ப முக்கியம். எந்தத் தேனை எடுத்தாலும் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரைதான், பழச்சர்க்கரையும் குளுக்கோஸும். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். மலைத்தேனை மலைத்தேனாகவும் ரப்பர் தேனை ரப்பர் தேனாகவும் ஆக்கும் மணப்பொருள்கள் அதில் மிக மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தைத்தான் நாம் தேடுகிறோம்.

ஆக, நாக்கு அடிப்படைச் சுவையைச் சொல்கிறது, மூக்கு அடையாளத்தைச் சொல்கிறது. இரண்டும் மூளையில் போய் ஒன்றாகி ருசி ஆகிறது. அந்த மூளையில் ஏற்கெனவே குடியிருக்கும் இன்னொருவரைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்.

எதிர்பார்ப்பு ருசியாக மாறும் விதம்

பால் என்று நினைத்து மோரை வாயில் வைத்திருக்கிறீர்களா? பால் கெட்டுப்போனது போல ஒரு நொடி துப்பத் தோன்றும். அது நல்ல மோர். நாமே கேட்டு வாங்கியிருந்தால் ரசித்துக் குடித்திருப்போம். டம்ளர் வாய்க்கு வருவதற்கு முன்பே மூளை இது பால் என்று ஒரு படத்தைத் தயாராக வைத்திருக்கிறது. வந்த செய்தி அந்தப் படத்தோடு மோதுகிறது. பெரிதாக மோதினால் திடுக்கிடுகிறோம். சின்ன வித்தியாசமாக இருந்தால் மூளை தன் படத்தை வைத்தே அதைச் சரிசெய்துவிடுகிறது, நமக்குத் தெரிவதுகூட இல்லை.

இந்தத் தயார்ப் படத்தின் பெயர்தான் எதிர்பார்ப்பு. நிறம், பெயர், விலை, புட்டியின் கனம், யார் கொடுத்தார்கள் என்பது எல்லாம் சேர்ந்து அதை வரைகின்றன.

ஒயினில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2001-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், போர்தோ நகரில் ஒயின் கலை படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்பு நிறத்தைக் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகச் சொல்லும் பழங்களின் பெயர்களைச் சொல்லியே அவர்கள் அதன் வாசத்தை விவரித்தார்கள். 2008-இல் அமெரிக்காவில் 20 பேரை மூளைப் படம் எடுக்கும் எந்திரத்துக்குள் படுக்கவைத்து ஒயின் சுவைக்கவைத்தார்கள். ஒரே ஒயினை ஒரு தடவை 5 டாலர் என்றும் இன்னொரு தடவை 45 டாலர் என்றும் சொன்னார்கள். 45 என்று சொன்னபோது கூடுதலாகப் பிடித்திருக்கிறது என்றார்கள். அதோடு, இன்பத்தைப் பதிவுசெய்யும் மூளைப் பகுதியும் அப்போது கூடுதலாக வேலை செய்தது. அடிப்படைச் சுவையைப் பதிவுசெய்யும் பகுதியில் அந்த மாற்றம் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். அந்த 20 பேரும் பந்தாவுக்குப் பொய் சொல்லவில்லை. விலை கூடிய ஒயின் அவர்களுக்கு உண்மையாகவே நன்றாக இருந்தது. மலைத்தேன் என்று சொல்லிக் கொடுத்தால் அண்ணாச்சிக்குக் காட்டு வாசம் வருவதும் உண்மையான அனுபவம். எதிர்பார்ப்பு ருசியின் ஒரு பகுதி. அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

நடுவில் ரப்பர் தேனைப் பற்றி

எங்கள் மாவட்டத்துப் பண்டம் என்பதால் இதைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் ரப்பர் பெருமளவில் விளைவது குமரியில்தான். மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பு பரவியதற்கு ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் தலைமையில் 1920-களில் அங்கே இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராம மேம்பாட்டு மையம் ஒரு பெரிய காரணம். இன்று இங்கே பெட்டிகளில் கிடைக்கும் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்திலிருந்து வருவது.

அதில் ரப்பர் பால் ஒரு துளி கிடையாது. பால் இருப்பது மரப்பட்டைக்குள். தேனீ அதைத் தொடுவதில்லை. ரப்பர் இலையைப் பார்த்திருப்பீர்கள், ஒரு காம்பில் மூன்று இலை. அந்த மூன்றும் சேரும் இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது அவற்றில் இனிப்பு நீர் சுரக்கும். பூவில் சுரப்பதைப் போன்ற தேன்நீர்தான் அது, சுரக்கும் இடம் மட்டும் இலைக்காம்பு. தேனீக்கள் அதைத்தான் எடுக்கின்றன. குலசேகரம், திற்பரப்பு, கடையாலுமூடு பக்கமெல்லாம் தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை பெட்டிக்காரர்கள் ஓய்வில்லாமல் அலைவது இதனால்தான்.

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். அடியில் சர்க்கரை மாதிரி படிந்ததைப் பார்த்து, பாகு காய்ச்சி ஊற்றிவிட்டான் என்று பெட்டிக்காரரைத் திட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். குளுக்கோஸ் கூடுதலாக உள்ள எந்தத் தேனும் உறையும். அது தேனின் இயல்பு. 1990-களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் பெட்டித் தேனீக்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. அதிலிருந்து மெல்ல மெல்ல மீண்டு வந்த தொழில் இது. அதன் தேனுக்கு வெறும் பெயரால் ஒரு இழிவு ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அன்றைய மாலைக்கு நான் அவ்வளவு மெனக்கெட்டதும் அதனால்தான்.

ஏற்பாடு செய்த விதம்

ஐந்து கிண்ணம் வைத்தோம், தேன் நாலு வகை. மாமாவின் பெட்டியிலிருந்து ரப்பர் தேன். பேச்சிப்பாறை மலையிலிருந்து தெரிந்தவர் மூலம் வந்த மலைத்தேன். கடையில் வாங்கிய புட்டித் தேன். கொட்டும் கொடுக்கு இல்லாத சிறுதேனீயின் சிறுதேன். ஐந்தாவது கிண்ணத்திலும் ரப்பர் தேனையே வைத்தோம். சுவைத்த ஆறு பேரில் யாருக்கும் அது தெரியாது. ஒரே பண்டத்தை இரண்டு தடவை வைப்பது இந்தச் சோதனையில் ரொம்ப உபயோகமான உத்தி. ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

நண்பனின் அக்கா அடுக்களையில் தேனை ஊற்றி, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் மூன்று இலக்க எண் ஒட்டினார்: 317, 582, 946, 261, 735. ஒன்று, இரண்டு என்று போட்டால் ஒன்று என்பது ஒசத்தி என்று மனசு நினைத்துவிடும், அதனால்தான் இப்படி. எந்த எண் எந்தத் தேன் என்ற பட்டியலை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு அக்கா வெளியே வரவேயில்லை. தட்டை எடுத்துவந்து கொடுத்தது அவருடைய மகள். அந்தப் பெண்ணுக்கும் எது எது என்று தெரியாது.

சுவைப்பவருக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் அது ஒருபுற மறைப்பு. கொடுப்பவருக்கும் தெரியாமல் இருந்தால் இருபுற மறைப்பு. இரண்டாவதுதான் நல்லது. எது நல்ல தேன் என்று தெரிந்த ஒருவர் எதிரில் நின்றால், நாம் அந்தக் கிண்ணத்தைத் தொடும்போது அவர் முகத்தில் ஏதோ ஒன்று தெரிந்துவிடும். பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தே மிட்டாய் எந்தக் கையில் இருக்கிறது என்று சொல்வதில்லையா?

நிறத்தையும் மறைக்க வேண்டியிருந்தது. எங்களுக்குக் கிடைத்த மலைத்தேன் நல்ல கறுப்பு, பார்த்தாலே தெரிந்துவிடும். முன்வாசல் நட்சத்திரத்துக்குள் இருந்த சிவப்பு பல்பைக் கழற்றி உள்ளே மாட்டினோம். சிவப்பு வெளிச்சத்தில் ஐந்தும் ஒரே மாதிரி தெரிந்தன. சோதனைக் கூடங்களிலும் இப்படிச் சிவப்பு விளக்கு போடும் வழக்கம் உண்டு. சிறுதேன் தண்ணீராக ஓடும் என்பதை மட்டும் மறைக்க வழி கிடைக்கவில்லை.

வரிசையை ஆளுக்கு ஒன்றாக மாற்றிக் கொடுத்தோம். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் சின்னதில்லை. கல்யாணச் சாப்பாட்டில் பாயசம் குடித்தபின் மோர் விட்டால் மோர் எவ்வளவு புளிப்பாகத் தெரிகிறது! பாயசம் சாப்பிட்ட வாய்க்கு டீ கொடுத்தால் சர்க்கரை போட்டீர்களா என்று கேட்போம். முன்னால் வந்தது பின்னால் வருவதை மாற்றிவிடும். எல்லோரும் ஒரே வரிசையில் சுவைத்தால் எல்லோருக்கும் ஒரே தவறு வரும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நடுவில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு பிடி பொரியும் எடுத்துக்கொண்டோம்.

கடைசி விதி, எழுதி முடிக்கும் வரை பேசக் கூடாது. ஒருவர் "ஆகா" என்றால் போதும், மற்ற ஐந்து பேருக்கும் அந்தத் தேன் கொஞ்சம் கூடுதலாக இனிக்கத் தொடங்கிவிடும்.

(நீங்கள் வீட்டில் செய்தால் ஒரு எச்சரிக்கை: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தைகளின் உடலில் வளர்ந்து ஆபத்தாகலாம்.)

வந்த மதிப்பெண்கள்

பத்துக்கு மதிப்பெண் போட்டோம். ரப்பர் தேனைத் தொடவே மாட்டேன் என்ற அண்ணாச்சி 317-க்கு 8 போட்டிருந்தார். அவருடைய தாளில் அதுதான் முதலிடம். அது ரப்பர் தேன். அதோடு முடிந்திருந்தால் நல்ல கதைதான். ஆனால் 261-க்கு அவர் 5 போட்டு, "தித்திப்பு மட்டும்தான், மணம் இல்லை" என்று எழுதியிருந்தார். அதுவும் அதே புட்டியிலிருந்து ஊற்றிய அதே ரப்பர் தேன்.

என்ன நடந்தது? 317 அவருக்கு முதலில் வந்த கிண்ணம். 261 வந்தது சிறுதேனுக்குப் பிறகு. சிறுதேன் புளிப்பும் மணமும் தூக்கலானது. அதன் பின்னால் வந்த தேனில் இனிப்பு மட்டும் மேலே தெரிந்து மணம் அமுங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். என்னுடைய தாளில் அதே இரண்டு கிண்ணத்துக்கும் 6, 7. இரட்டைக் கிண்ணம் வைத்ததன் பயன் இதுதான். ஒரே தேனுக்கே ஒரு ஆள் மூன்று மதிப்பெண் வித்தியாசம் காட்டினால், இரண்டு வேறு தேன்களுக்கு நடுவில் வரும் இரண்டு மதிப்பெண் வித்தியாசத்துக்குப் பெரிய அர்த்தம் கொடுக்க முடியாது. நம் அளவுகோல் எவ்வளவு ஆடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டுதான் அதை வைத்து அளக்க வேண்டும்.

மாமாவின் தாள் வேறு மாதிரி இருந்தது. 317-க்கும் 261-க்கும் ஒரே மதிப்பெண், 7. பக்கத்தில் இரண்டுக்கும் "ரப்பர்" என்று எழுதியிருந்தார். 735-ஐச் சிறுதேன் என்று சரியாகச் சொல்லியிருந்தார். கடைத்தேனையும் மலைத்தேனையும் மட்டும் மாற்றி எழுதியிருந்தார்.

குருட்டாம்போக்கில் சரியாக வருவது

அக்கா அரிசிப் பானையிலிருந்து சீட்டை எடுத்து வாசித்ததும், "மாமா கெட்டிக்காரர்" என்று எல்லோரும் கைதட்டினோம். அப்போது கப்பல்காரன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "குருட்டாம்போக்கில் சொல்லிச் சரியாக வந்திருந்தால்?"

பூவா தலையா போட்டுப் பாதி தடவை சரியாகச் சொல்வதற்குத் திறமை வேண்டாம். சுவைக்கும் அப்படித்தான். எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று எண்ணுவதற்கு முன்னால், ஒன்றுமே தெரியாதவர் எவ்வளவு சரியாகச் சொல்வார் என்று எண்ண வேண்டும். இதற்கு எளிதான முறை முக்கோணச் சோதனை. மூன்று கிண்ணம் வைக்க வேண்டும். இரண்டில் ஒரே தேன், ஒன்றில் வேறு தேன். வேறானது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல வேண்டாம், பிடித்ததா என்றும் சொல்ல வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும்.

சிவப்பு விளக்கு எரியும்போதே ரப்பர் தேனையும் கடைத்தேனையும் வைத்து இதைச் செய்தோம். ஆறு பேரில் மூன்று பேர் சரி. பாதிப் பேர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் யாருக்குமே வித்தியாசம் தெரியாவிட்டாலும் ஆறு பேரில் இரண்டு பேர் சரியாகச் சொல்வது எதிர்பார்க்கக் கூடியது. மூன்றோ அதற்கு மேலோ வருவதற்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆறு பேரில் ஐந்து பேராவது சரியாகச் சொல்லியிருந்தால்தான் நம்பலாம். குருட்டாம்போக்கில் அப்படி வருவதற்கு 100-க்கு 2-க்கும் குறைவான வாய்ப்புதான். எனவே எங்கள் கூட்டத்துக்கு அந்த இரண்டு தேனையும் பிரித்தறியத் தெரியும் என்று சொல்ல அந்த மூன்று போதாது.

அப்புறம் மாமாவுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வைத்தோம், நாலு சுற்று. நாலும் சரி. குருட்டாம்போக்கில் நாலும் சரியாக வர 81-இல் ஒரு வாய்ப்பு. இது கணக்கில் எடுக்க வேண்டிய வெற்றி. இதே சிந்தனையைப் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் ஒரு டீக் கதையை வைத்து விளக்கினார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா டீயா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பை வைக்கலாம், நாலு இப்படி, நாலு அப்படி. எட்டையும் குருட்டாம்போக்கில் சரியாகப் பிரிக்க 70-இல் ஒரு வாய்ப்பு. எட்டையும் சரியாகப் பிரித்துவிட்டால், அதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ளிவிடுவது கஷ்டம்.

"எப்படி மாமா கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டேன். "நாக்கில வச்ச உடனே ரப்பர் தேன் ஒண்ணும் சொல்லாது மக்கா. விழுங்கின பிறகு மூச்சை விட்டுப் பாரு, அப்பதான் வரும்" என்றார். பின்வழி மணம் என்று நான் மேலே எழுதியது இதைத்தான். அவருக்கு அது அனுபவத்தில் வந்தது. முப்பது வருடத் தொழில் அவருக்குக் கொடுத்திருப்பது எங்கே, எப்போது தேட வேண்டும் என்ற அறிவு. பெயரை மறைத்த பிறகும் அது நின்றது.

இது சொல்லாதவை

கலப்படம் இருக்கிறதா என்பதை மறைத்துச் சுவைத்தல் சொல்லாது. நல்ல மணமுள்ள தேனில் கொஞ்சம் பாகைச் சேர்த்தால் நாக்கு ஏமாறும். தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது போன்ற வீட்டு வழிகளையும் நம்ப முடியாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். மருந்துக்கு எது நல்லது என்றும் இது சொல்லாது. சிறுதேன் விலை கூடியிருப்பதற்குக் காரணம் ஒரு கூட்டில் கொஞ்சமே கிடைப்பது. அந்த விலை நியாயமா என்பதும் இதில் தெரியாது. இரண்டு கேள்விக்குத்தான் இதில் பதில் உண்டு: வித்தியாசம் தெரிகிறதா, பெயர் தெரியாமல் எது பிடிக்கிறது.

பட்டியலைப் பிரித்த பிறகு

முக்கோணச் சோதனையும் முடிந்தது. வெள்ளை விளக்கைப் போட்டோம். அண்ணாச்சி தன் தாளை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு 946-ஐ எடுத்து மறுபடி சுவைத்தார், அதுதான் மலைத்தேன். பெயர் தெரியாதபோது அதற்கு 6 போட்டிருந்தவர், "இப்போ அந்தக் காட்டு வாசம் வருதே" என்றார். எனக்கும் வந்தது. கறுப்பு நிறம் கண்ணுக்குத் தெரிந்தது, பெயர் காதில் விழுந்திருந்தது, வாசம் வந்துவிட்டது. எதிர்பார்ப்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வாரமாகப் படித்துவிட்டு வந்த எனக்கே அப்படி.

"இதுக்கு ஒரு எட்டாக்கிடட்டுமா?" என்று பேனாவை எடுத்தார் அண்ணாச்சி. மாமா கை நீட்டித் தாளை வாங்கி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பட்டியலைப் பிரித்த பிறகு மதிப்பெண்ணைத் திருத்தக் கூடாது. பிறகு மாமா 317-இல் மிச்சமிருந்ததைப் பொரியில் ஊற்றிப் பிசைந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு பிடி கொடுத்தார்.